அறுந்த சங்கிலி

விடியும் முன்பே ஆலைக்குள் விளக்குகள் எரிந்தன. ஹீட்டர் எப்போதோ நின்றுபோன கட்டடம். ஸ்பானரைப் பிடித்தால் கையுறையைத் தாண்டிக் குளிர் எலும்பில் இறங்கியது. கிட்டுசாமி மண்டியிட்டு, பல வருட எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிப்போன போல்ட்டை உடம்பையே சாய்த்துத் திருகினான். கிறீச்சிட்டு இளகியது. அதைத் துணிப்பையில் போட்டு, எண் எழுதி, இயந்திரத்தோடு சேர்த்துக் கட்டினான்.

நியூ ஜெர்சியில் மூடிக்கிடந்த அந்த எஞ்சின் ஆலையைச் சீன அரசின் பெரிய கார் நிறுவனம் அப்படியே வாங்கியிருந்தது. சீனாவில் அதற்கு மூன்றாவது தொழிற்சாலை எழும்புகிறதாம். இங்கே கழற்றுவதை அங்கே பூட்ட வேண்டும். அதனால் கடைசியாகக் கழற்றுவதற்கே முதல் எண். பெட்டிக்கு ஒரு தாள்; அதில் கழற்றியவன் கையெழுத்திடாத பெட்டி கப்பலேறாது.

கோயமுத்தூரிலிருந்து விசாவில் வந்து பதினான்கு மாதம். வெஸ்ட் வின்ட்சரில் ஒரு பேஸ்மென்ட் அறை. சனி, ஞாயிறுகளில் அவன் குரலை அவனே கேட்பதில்லை. காண்ட்ராக்டரை விட்டால், வேலையிடத்தில் தமிழ் பேச அரியரட்ணம் ஒருவர்தான். அவரும் அதிகம் பேசமாட்டார். இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். அதுவே போதுமாயிருந்தது.

செவ்வாயன்று தூக்குச் சங்கிலி அறுந்து, இயந்திரத்தின் மேல்பாகம் அவர் வலது காலில் இறங்கியது.

வியாழன் காலை, கழற்றும் வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர் ஸ்ரீநிவாசன் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வா கிட்டு. இதுல ஒரு சைன் பண்ணு."

சங்கிலிச் சோதனைப் பதிவேடு.

"திங்கக்கிழமை தேதி போட்டிருக்குதுங்களே சார். அன்னைக்கு நான் செயினப் பாக்கவே இல்லீங்க. தேஞ்ச செயின், மாத்துங்கன்னு ஒரு மாசமாச் சொல்லிட்டிருக்கேன்."

"பாத்தேன்னு சைன் பண்ணு. செயின் நல்லாத்தான் இருந்துது, அவர்தான் அடியில போய் நின்னார். பத்து மணிக்கு இன்சூரன்ஸ்காரன் வர்றான்."

"அப்ப அவருக்கு நஷ்டஈடு ஒண்ணுமே கிடைக்காதுங்களே."

"உனக்கு கிரீன் கார்டு கிடைக்கணுமா, வேணாமா? ஃபைல் பண்றது நான். ஊருக்கு டிக்கெட் போடறதும் நான்தான்."

"டிக்கெட்டாவது புதுசா வாங்குவீங்களா சார்? இல்ல, செயின் மாதிரிதானா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அரியரட்ணம் சொன்னது நினைவுக்கு வந்தது: "தம்பி, எனக்காக ஒண்டும் செய்ய வேண்டாம். உம்மட விசாவைப் பாரும்." அவர் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பேனாவைக் கீழே வைத்தான். பிறகு பதிவேட்டை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தான்.

நாலு பேர் முன்னால் பேச அவனுக்குத் தெரியாது. தன் இயந்திரத்துக்குத் திரும்பி, ஸ்பானரைத் தரையில் வைத்தான். பக்கத்தில் வேலை செய்த ஈக்வடார்க்காரன் எக்டர் என்னவென்று கேட்டான். தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"நாளைக்கு என் காலாகவும் இருக்கலாம்" என்றான் எக்டர். தன் பெட்டித் தாளை எடுத்து, கையெழுத்திடாமலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மற்றவர்களும் மடித்தார்கள்.

ஸ்ரீநிவாசன் ஓடிவந்து, சரக்கை ஏற்க வந்திருந்த சீனப் பொறியாளர் லியூவிடம் கெஞ்சினார். "வெள்ளிக்கிழமை கப்பல். தாளெல்லாம் அப்புறம் அனுப்புகிறேன்."

லியூ மறுப்பாகத் தலையை அசைத்தார். "தாள் இல்லாமல் பெட்டி இல்லை."

அவர் யார் பக்கமும் இல்லை. அவருடைய நிறுவனத்தின் விதி அது. அன்றைக்கு அந்த விதி போதும்.

பத்து மணிக்கு வாசலில் இன்சூரன்ஸ்காரரின் கார் வந்து நின்றது. கிட்டுசாமி அறுந்த சங்கிலியைத் தோளில் இழுத்துப் போட்டான். விசா என்னாகுமோ, அடுத்த மாதம் அந்த அறையில் இருப்போமோ, எதுவும் தெரியவில்லை. பாரம் தாளாமல் இரண்டடியில் தடுமாறினான். சட்டென்று பாரம் குறைந்தது. பின்னால் தரையில் இழுபட்ட முனையை எக்டர் தூக்கிக்கொண்டான். நடுவில் இன்னும் இரண்டு கைகள் பிடித்தன.

வரிசையாக வாசலை நோக்கி நடந்தார்கள்.