பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்

பல் டாக்டரின் வயலினுக்கு மூன்றாவது முறையாகச் சுருதி சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் சின்னவள். நூலக வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நரம்பை இழுத்துப் பிடிக்கிற முறுக்காணி என்றால் திருப்பிய இடத்தில் நிற்க வேண்டும். இவருடையது கையை எடுத்ததும் வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிக் குறை கண்டுபிடிக்கிற மனிதர், தன் வயலினில் ஒரு ஆணி தேய்ந்து கிடப்பதை இத்தனை நாளும் பார்க்கவில்லை.

“வீட்ல சரியாத்தான் மேடம் இருந்துச்சு. கார்ல வர்றப்போ இறங்கிருச்சு போல.”

“கார் என்ன பண்ணும் டாக்டர், பாவம்” என்றாள் சின்னவள். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது போல வந்தது. டாக்டர் கவலையோடு அவள் தாடையைப் பார்த்தார்.

“தூக்கத்துல பல்லக் கடிக்கிற பழக்கம் உண்டா மேடம்?”

“முழிச்சிருக்கும்போதுதான்.”

சின்னவளுக்குச் சோறு போடுவதே வயலின்தான். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் முன்வரிசை நாற்காலி, நடுநடுவே ஒலிப்பதிவு. அங்கே யாரும் யாருக்கும் சுருதி சேர்த்துக் கொடுப்பதில்லை, யாருடைய காரைப் பற்றியும் பேசுவதில்லை. இன்று நூலகத்தில் வாசிக்கப் போகிற இந்தக் குழுவில் அப்படிப் பிழைப்பவர்கள் அவளும், அவள் கூட்டிவந்த வயோலாக்காரனும் மட்டும்தான். அவன் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். சூடாக ஒரு காபி கொடுத்தால் எந்தக் கூட்டத்தோடும் உட்கார்ந்து வாசிப்பான். மற்றவர்கள் எல்லாருக்கும் வேறு வேறு பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். செல்லோ வாசிப்பவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். “எனக்கு நீட்டு நோட்டு மட்டும் குடுங்க, ஓடுறதெல்லாம் வேணாம்” என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டதால் அவரோடு எந்தத் தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்த நால்வரோடு. பல் டாக்டர், டெய்லர், கணக்கு டீச்சர், அப்புறம் சின்னவளின் அக்கா.

அக்காவுக்கு வயலின் நாற்பதுக்கு மேல் வந்த வியாதி. பகலெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்து அடுத்தவர் ரத்தத்தை எண்ணிவிட்டு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பாள். சின்ன வயதில் தங்கையின் வயலின் பெட்டியைச் சுமந்துகொண்டு போய் வகுப்பு முடியும்வரை வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் அவள்தான். அப்போது நீயும் கற்றுக்கொள்கிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இந்தக் குழுவின் போன வருட நிகழ்ச்சியைச் சின்னவள் பார்க்க வந்திருந்தாள். முதல் வரிசையிலேயே உட்கார வைத்தார்கள். ஒரே நேரத்தில் உள்ளே வரவேண்டிய இரண்டாம் வயலின்கள், கதவு திறந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் மாதிரி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியதை அக்கா அங்கிருந்தே பார்த்துவிட்டாள். வெளியே வந்ததும் அக்கா சொன்னது ஒன்றுதான்.

“ஊரே சிரிச்சிருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லடி. நீ சிரிச்ச பாரு.”

அதற்கப்புறம் போன் செய்தால் மாமாதான் எடுத்தார். “அவ வேலையா இருக்காம்மா” என்பார், அக்கா பின்னாலேயே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும்போதே. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இப்படியே போயின. நல்லது கெட்டது எதைச் சொல்வதற்கும் சின்னவளுக்கு ஆள் இல்லாமல் போனது. கோபமெல்லாம் வடிந்து, தன் கையெழுத்தே தனக்கு மறந்துபோன மாதிரி ஒரு பயம் மட்டும் மிஞ்சியது. இந்த வருடம் அக்காவே கூப்பிட்டாள். “முன்னாடி உக்காந்து பாக்க வேணாம். எங்களோட உக்காந்து வாசி. மூஞ்சிய மட்டும் ஒழுங்கா வெச்சுக்க.” இன்னொரு முறை அந்த மௌனத்தைத் தாங்க முடியாது என்று சின்னவளுக்கு நன்றாகத் தெரியும். என்ன ஆனாலும் யார் மனதும் புண்படும்படி ஒரு வார்த்தை விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். எத்தனையோ கடினமான பக்கங்களை வாசித்திருக்கிறாள். இந்த நாக்கைக் கட்டிப்போடுவது போல எதுவும் அவள் உயிரை வாங்கியதில்லை.

மூன்றாவது உருப்படியின் நடுவில்தான் வம்பு. அந்த இடத்தில் சின்னவளும் அவள் பின்னால் இருவரும் வாசிக்கிற முதல் வயலின்களும் வயோலாவும் ஓய்ந்துவிடும். செல்லோ ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்க, அதன் மேல் இரண்டாம் வயலின்கள் மட்டும் தனியாக ஓட வேண்டும். இரண்டு தடவை. அதற்கப்புறம்தான் முதல் வயலின்கள் திரும்ப வரும். எளிதாக்கி எழுதித் தருகிறேன் என்று சின்னவள் கெஞ்சிப் பார்த்தாள். “இருக்கறபடி வாசிச்சாத்தான் மேடம் மரியாதை” என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான். வாசிக்கும்போது டாக்டர், வாசலில் நோயாளி காத்திருப்பது போலப் பறப்பார். டெய்லரின் கால் மிஷினை மிதிக்கிற வேகத்தில் தட்டும், கை வேறு வேகத்தில் போகும். கணக்கு டீச்சர் வாய்விட்டு எண்ணுவார். எண்ணிக்கை அச்சுப் பிசகாது, சுரம்தான் பக்கத்து வீட்டில் இருக்கும். அக்கா ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பாள். பாதியில் விரல் வயலின் கழுத்தின் மேல்பக்கம் தாவ வேண்டிய இடத்தில் ஒரு மயிரிழை குறைந்து விழும். உடனே நின்று, உதட்டைப் பிதுக்கி, பின்னால் போய் மறுபடி தொடங்குவாள். அதற்குள் மற்ற மூவரும் மூன்று ஊர் தாண்டியிருப்பார்கள்.

இன்று மதியம் கடைசி ஒத்திகையிலும் இதே கதைதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்து உட்காரப் போகிறார்கள். சின்னவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, வெளியில் சொல்லமாட்டார்கள். கை வராத இடம் வந்தால் வில்லை நரம்பின் மேல் படாமல் நூலிழை இடைவெளி விட்டு ஓட்டிவிடுவார்கள். பார்க்கிறவருக்கு வாசிப்பது போலவே இருக்கும். சத்தத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். அந்த உபாயம்தான் அவளுக்குத் தோன்றியது. மூவரை அடக்கிவிட்டால் அக்கா ஒருத்தியின் வயலின் தட்டுத்தடுமாறியாவது கரை சேர்ந்துவிடும். எல்லார் முன்னாலும் சொன்னால் முகம் சுருங்குமே என்று தனித்தனியாகச் சொல்லப் போனாள்.

டாக்டருக்குச் சுருதி சேர்த்த கையோடு அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “அப்ப டெய்லர் சமாளிச்சிருவாரு?”

“அவரு பாத்துப்பாரு.”

டெய்லரிடம், டீச்சர் பார்த்துக்கொள்வார் என்றாள். “துணி பத்தலன்னா இழுத்துத் தைக்கக் கூடாது, அதானே மேடம்” என்று அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். டீச்சரிடம், அக்கா பார்த்துக்கொள்வாள் என்றாள்.

“எண்ணலாம்ல?” என்று கேட்டார் டீச்சர்.

“மனசுக்குள்ள எண்ணுங்க டீச்சர்.”

மூன்று பேரும் கோபித்துக்கொள்ளவில்லை. தன்னிடம் இத்தனை பக்குவம் இருந்ததா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. அந்தத் தெம்போடு நடைக்குப் போனால், துடைப்பங்கள் சாத்தி வைத்திருந்த மூலையில் சுவரைப் பார்த்து நின்று அக்கா அந்த இடத்தையே வாசித்துக்கொண்டிருந்தாள். விரல் தாவியது, குறைந்து விழுந்தது. மறுபடி தாவியது, மறுபடி அதே இடம்.

“இது மட்டும் வர மாட்டேங்குதுடி” என்றாள் அக்கா, திரும்பாமலே. “வீட்ல பத்துக்கு ரெண்டு வந்துச்சு. மாமா கைகூடத் தட்டினாரு.”

நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும். மெதுவாக வாசி, போதும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரே வாக்கியத்தை மூன்று பேரிடம் சொல்லிப் பழகிய நாக்கு, யாரையும் கேட்காமல் தானாக ஓடியது. “அவஸ்தப்படாதக்கா. வில்ல மட்டும் மேல ஓட்டு, நரம்பத் தொடாத. பக்கத்துல இருக்கறவங்க பாத்துப்பாங்க.”

அக்கா இப்போது திரும்பினாள். “நான் வாசிச்சா கெட்டுப்போகும்கிறியா?”

“அப்படியெல்லாம் இல்லக்கா…”

“சரி விடு. உனக்குத் தெரியாததா” என்றாள் அக்கா, வில்லின் மயிரைத் தளர்த்திக்கொண்டே. வாசிக்கப் போகிற நேரத்தில் யாரும் தளர்த்தமாட்டார்கள். அதைக் கவனிக்கும் பொறுமை சின்னவளுக்கு இல்லை. உள்ளே நூலகர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சண்டையில்லாமல் முடிந்ததே என்ற நிம்மதியில் அவள் ஓடினாள்.

வாசிப்பு அறையின் நீள மேஜைகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். பேப்பர் படிக்க வந்த ஒரு பெரியவர் மட்டும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. “நீங்க பாட்டுக்கு வாசிங்க, நான் பாட்டுக்குப் படிக்கிறேன்” என்றுவிட்டார். அவரைச் சுற்றியே நாற்காலிகளை வளைத்துப் போட வேண்டியதாயிற்று. முதல் இரண்டு உருப்படிகள் பெரிய சேதம் இல்லாமல் போயின. கைதட்டல்கூட நன்றாகவே இருந்தது. மாமா எழுந்து நின்று தட்டினார். மூன்றாவதும் ஒழுங்காகத்தான் தொடங்கியது. அந்த இடம் வந்ததும் சின்னவள் வயலினை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு எதிர்வரிசையைப் பார்த்தாள்.

லிஃப்ட்காரர் தன் நீட்டு சுரத்தைத் தொடங்கினார். அதன் மேல் எதுவும் வரவில்லை.

நான்கு வில்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே வேகத்தில், ஒரே சாய்வில், ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வந்தன. இத்தனை ஒத்திகையிலும் வராத ஒற்றுமை, சத்தம் என்ற தொந்தரவு நீங்கியதும் வந்துவிட்டது. டாக்டர் ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். டீச்சரின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதைக் கேட்கக் காத்திருந்தார்கள். இதுவும் பாட்டின் ஒரு பகுதிதான் என்று நினைத்து இரண்டாவது வரிசையில் ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு நேரம் சத்தத்தில் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்த பெரியவர், அமைதி பொறுக்காமல் பேப்பரைத் தாழ்த்தினார். வயோலாக்காரன் கண்ணை உருட்டிச் சின்னவளைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு பேரிடமும் தான்தான் சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

முதல் சுற்று அப்படியே ஊமையாக முடிந்தது. இனி இரண்டாவது. அந்த வரி சின்னவளுக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பாள். சட்டென்று வயலினைத் தோளுக்கு ஏற்றினாள்.

அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இடப்பக்கம் டீச்சரின் வில்லைப் பார்த்தாள், அதற்கப்பால் டெய்லருடையதை, டாக்டருடையதை. எல்லாம் காற்றில். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சின்னவளுக்கு அந்தக் கோபத்தைக்கூடப் பார்க்க முடிந்தது. அதற்குப் பின்னால், அவர்களுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொன்னாயா என்று சின்னதாகிப்போன ஒரு முகம் இருந்ததே, அதைத்தான் பார்க்க முடியவில்லை.

“கீழ வைடி” என்றாள் அக்கா.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் செல்லோவைத் தவிர அறையில் வேறு சத்தமே இல்லை, கடைசி வரிசைவரை கேட்டது. சின்னவள் வயலினைக் கீழே வைத்தாள்.

அக்கா வில்லை நிறுத்தி, நடையில் தளர்த்தியதிலிருந்து அப்படியே கிடந்த மயிரை முறுக்கி இறுக்கினாள். அவசரப்படவே இல்லை. லிஃப்ட்காரர் தன் சுரத்தை விடாமல், வில்லை நத்தை வேகத்துக்குக் குறைத்து, அவளுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா தொடங்கினாள். மெலிந்து, கொஞ்சம் கரகரத்து, எழுதியிருந்ததில் பாதி வேகத்தில் வந்தது. அந்த இடம் வந்தது. விரல் தாவியது, குறைந்து விழுந்தது. சின்னவளின் இடக்கை விரல் மடியில் தானாகத் தாவித் துடித்தது. அக்கா நிற்கவில்லை, பின்னால் போகவில்லை. குறைந்து விழுந்த அந்தச் சுரத்தின் மேலேயே காலூன்றி, அடுத்ததற்குப் போனாள். டாக்டரும் டெய்லரும் டீச்சரும் வில்லை ஓட்ட மறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னும் சில சுரங்கள்தான். அதற்கப்புறம் முதல் வயலின்கள் வர வேண்டும். எந்த வேகத்தில் வருவது என்று தாளில் எழுதியிருந்தது இப்போது செல்லாது. பின்னால் இருந்த இரண்டு பேர் சின்னவளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவர்களுக்கு என்ன சொல்வது? இன்று மாலை அக்கா தன்னோடு பேசுவாளா, போனை எடுப்பாளா, அதுவே தெரியவில்லை. அவள் வயலினைத் தோளில் ஏற்றி, வில்லை நரம்பின் மேல் வைத்து, அழுத்தாமல், கடைசி பெஞ்சில் புதிதாக வந்து உட்கார்ந்தவளைப் போல, உள்ளே வர வேண்டிய வேகத்துக்காக அக்காவின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இவள் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கை இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.