அளவு மாறாத காலணி

"பாப்பாவுக்குக் கடைசியா எப்ப ஷூ மாத்தினீங்க?" என்று டாக்டரம்மா கேட்டபோது அவனுக்குத் தொழில் பெருமைதான் முதலில் வந்தது.

"ரெண்டு வருஷமா இதான் மேடம். இன்னும் கச்சிதமா இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது: இரண்டு வருஷமாக மகளின் கால் வளரவே இல்லை. காலணிக் கடையில் நாள் முழுக்கப் பிள்ளைகளின் பாதங்களை அளப்பவன் அவன். வளர்கிற கால், ஒரு விரல் இடம் விட்டு வாங்குங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன். மகளை வைத்து வியாபாரமும் செய்திருந்தான்: "எம்பொண்ணு ரெண்டு வருஷமா இதைத்தான் போடுறா. அவ்வளவு உழைப்பு."

டாக்டரம்மா குழந்தையின் வறண்ட கையைத் தடவினார். தைராய்டு மந்தமாகச் சுரக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருந்தது. "எப்பவும் குளிருதுன்னு சொல்வாளா? மலச்சிக்கல்? தூங்கி வழிவாளா?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "அவங்கம்மா தவறிப்போனதுலேர்ந்தே இப்படித்தான். அந்த ஏக்கம்னு நெனச்சேன்."

அப்படி நினைப்பது வசதியாக இருந்ததை அவன் சொல்லவில்லை. மனைவி இல்லாத வீட்டில் சத்தம் போடாத குழந்தை. பார்த்தவர்களெல்லாம் தங்கம் என்றார்கள், அவனும் கேட்டுக்கொண்டான். பாடத்தில் பின்தங்கியபோது மட்டும் சோம்பேறி என்று திட்டினான்.

"இனிமே வளருவாளா மேடம்?"

"வளருவா. மாத்திரையை ஒருநாள்கூட விடாதீங்க. காலையில வெறும் வயித்துல. அரைமணி கழிச்சுதான் பால், சாப்பாடு எல்லாம்."

சில மாதங்கள் போயின. ஒரு காலையில் மாத்திரையை விழுங்கிய கையோடு அவள் தட்டைத் தட்ட ஆரம்பித்தாள்.

"பசிக்குது."

"கொஞ்சம் பொறுடா குட்டி."

"அம்மாவா இருந்தா குடுத்திருப்பா."

சொன்னதும் அவளே திகைத்துப்போனாள். உதடு கோணியது. சாவு வீட்டில் வராத அழுகை அப்போது வந்தது. தரையில் புரண்டு அலமாரிக் கதவை உதைத்தாள். "ஏன்ப்பா எங்கிட்ட சொல்லாம போனா?"

ஏக்கம் என்று அவன் பெயர் வைத்திருந்தது ஏக்கமே இல்லை. ஏங்கி அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருந்திருக்கிறது.

மேல்வீட்டு அக்கா மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தாள். "என்ன தம்பி, புள்ளைய அடிக்கிறீங்களா?"

"இல்லக்கா. அழறா."

மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பொத்தான் ஒன்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. அவள் பிடியை விடவில்லை.