திறந்து பார்த்தீர்களா?

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்த பெட்டியை மூட ஆட்கள் குனிந்தபோது, மகளின் கையிலிருந்த அம்மாவின் கைபேசி அடித்தது.

"அம்மாகிட்ட குடுங்க," என்றது ஒரு பெண்குரல். வளையம் போட்ட கிரகத்தை ஆராய்கிற விஞ்ஞானி அவர். "அந்த நாப்பது நிமிஷம் வந்துடுச்சுன்னு சொல்லணும்."

எந்த நாற்பது நிமிடம் என்று மகளுக்குத் தெரியும். தூரத்து விண்கலம் அனுப்பும் தரவு, ஆண்டெனா நிலையத்திலிருந்து ஆராய்ச்சியாளர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் இருபத்தாறு வருடமாக அம்மாவின் வேலை. "நம்ம வீட்டம்மா விண்வெளி ஆபீஸ் தபால்காரி" என்பார் அப்பா. கிண்டல்தான், ஆனால் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

போன மாதம் வழியில் எங்கேயோ நாற்பது நிமிடத் தரவு காணாமல் போனது. "அனுப்பியாச்சு, ஃபைலை மூடுங்க" என்றது அலுவலகம். அம்மா மூடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் போட்டு உயிரை எடுத்தாள். மூன்று நாள் முன்பு ஒரு நிலையத்தின் பழைய கணினி வட்டில் அது அகப்பட்டது. அம்மா கணக்கு வைக்கும் நோட்டில் அந்த வரிக்கு மட்டும் இன்னும் டிக் விழவில்லை.

"அம்மா நேத்து காலைல தவறிட்டாங்க," என்றாள் மகள்.



நன்றி சொல்லிப் போனை வைத்துவிடலாம். ஆனால் வெறும் 'வந்துடுச்சு'வை அம்மா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மகள் பக்கத்திலிருந்த அம்மாவின் நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

"திறந்து பாத்தீங்களா?"

"இல்ல... வந்ததும் போன் பண்ணிட்டேன்."

"பாருங்க. மொத நிமிஷத்துலேருந்து கடைசி வரைக்கும் இருக்கணும். நான் லைன்லயே இருக்கேன்."

சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சும்மா. அப்புறம் பேசிக்கலாமே?"

அப்பா எழுந்து வந்து பெட்டியருகே நின்றார்.

"இருக்கட்டும்டா," என்றார் தம்பியிடம். "இதைக் கேக்காம அவ ஆபீசை விட்டுக் கெளம்பினதே இல்ல. எத்தனை நாள் ஆபீஸ் வாசல்ல ஸ்கூட்டரோட நின்னிருக்கேன் தெரியுமா?"

ஒன்பது நிமிடம் ஆனது. வெளியே வண்டிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"முழுசா இருக்கு," என்றது குரல், கம்மிப்போய். "ஒரு நொடிகூட விடுபடல."

மகள் அந்த வரிக்கு டிக் போட்டாள். அம்மா எழுதுவதுபோலவே பக்கத்தில் நேரத்தையும் எழுதி, நோட்டை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு பெட்டியின் பக்கம் குனிந்து, "கெளம்பலாமா?" என்றார்.