தனியாக வசிப்போர்

குளிர்காலத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்த அன்றுதான், தன் வீட்டுக்காரரும் அந்தத் திட்டத்துக்குள் வருகிறார் என்பது சிஸ்டருக்கு உறைத்தது.

ஊர் சுகாதார நிலையத்தில் தலைமை நர்ஸ் அவள். சின்னக் குழந்தை முதல் பல் போன கிழவர் வரை எல்லோருக்கும் சிஸ்டர்தான். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்; ஊருக்கே டிரைவிங் மாஸ்டர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கி லைசென்ஸ் வாங்கியவர்கள். சிஸ்டர் மட்டும் வேறு இடத்தில் கற்றுக்கொண்டாள். புருஷனிடம் வண்டி கற்றால் குடும்பம் இரண்டுபடும் என்பது அவள் கட்சி.

மாஸ்டருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. தொற்று ஊருக்குள் நுழைந்த வாரமே சிஸ்டர் ஒரு பெட்டியில் நாலு துணிமணியைத் திணித்துக்கொண்டு சுகாதார நிலையத்தின் மாடி அறைக்குக் குடிபோனாள். உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறை. "நாள் பூரா நோயாளிங்க மூஞ்சிக்கு நேரா நிக்கறேன். அதைக் கொண்டாந்து உங்க நெஞ்சுல இறக்க எனக்கு மனசு வரலைங்க," என்றாள். மாஸ்டர் பெட்டியின் பூட்டு சரியாக விழவில்லை என்று அதையே அமுக்கிக்கொண்டிருந்தார்.

வாரத்துக்கு ஒருமுறை அவள் தெருப்பக்கம் போய் கேட்டுக்கு வெளியே நிற்பாள். அவர் மாடி ஜன்னலில் நிற்பார். இரண்டு பேரும் கத்திப் பேசுவார்கள். ரகசியம் பேச வழியே இல்லாததால் சாப்பாட்டையும் மருந்தையும் பற்றியே பேசிவிட்டுத் திரும்புவாள்.

திட்டக் கூட்டம் நிலையத்தின் பெரிய அறையில் நடந்தது. ஜன்னலெல்லாம் திறந்திருந்ததால் எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஊற்றிய மாத்திரத்தில் டீ ஆறிப்போனது. குளிர் இறங்குவதற்குள் ஃப்ளூ ஊசி போட்டு முடிக்க வேண்டும், பள்ளிக்கூட ஹாலில் கட்டில் போட வேண்டும், ஆக்சிஜன் சிலிண்டர் சேர்த்து வைக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே, வயதானவர்களும் நெஞ்சு நோய்க்காரர்களுமாகத் தனியாக வசிப்போர் ஒவ்வொருவருக்கும் அக்கம்பக்கத்திலேயே ஒரு துணையாளர். தினமும் காலையில் ஃபோன் செய்து மூச்சு எப்படி, காய்ச்சல் உண்டா, அடுப்பு எரிந்ததா என்று கேட்பது அவர் வேலை. தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டே வந்த டாக்டர் தலையைத் தூக்கினார். வயதில் சின்னவர்தான், ஆனால் நெல்முனை அளவு தப்பும் கண்ணில் படாமல் போகாது.

"சிஸ்டர், உங்க தெருவுல ஒருத்தரை விட்டுட்டீங்க."

"யாரை டாக்டர்?"

"ஆஸ்துமா. தனியா இருக்கார். டிரைவிங் மாஸ்டர்."

அறையில் யாரோ தும்மலை அடக்கினார்கள்.

"அவருக்கு நான் இருக்கேனே," என்றாள் சிஸ்டர்.

"இருக்கீங்க. வீட்டுல இல்லையே."

அன்று சாயங்காலம் அவள் ஃபோனில் மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"தாலி கட்டிக்கிட்டவ உயிரோட இருக்கறப்பவே என்னை அநாதை லிஸ்ட்ல ஏத்திட்டியா?"

"அநாதை இல்லைங்க. தனியாக வசிப்போர்."

"பேரு நல்லாத்தான் இருக்கு. சரி, எனக்கு யாரு ஃபோன் பண்ணப் போறாங்க?"

சிஸ்டர் தயங்கினாள். "பின் வீட்டு பார்லர்காரம்மா."

"உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

காரணம் இல்லாமலில்லை. பார்லர்காரம்மா ஒரு காலத்தில் மாஸ்டரிடம் வண்டி கற்றவள். வாய் ஓடிய வேகத்தில் வண்டியையும் ஓட்டி, பள்ளிக்கூடச் சுவரில் ஒருமுறை, தபால் பெட்டியில் ஒருமுறை முட்டினாள். கடைசியில் மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு, "நடந்து போறது உடம்புக்கு ரொம்ப நல்லதும்மா," என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவளும் தனிக்கட்டைதான். முடிவெட்டும் கடை மூடிக் கிடந்ததால் பேச ஆளில்லாமல் நாக்கு தினவெடுத்துக் கிடந்தது. துணையாளராக வருகிறேன் என்று முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் அவள்.

காலைப் பலகாரம் முடியும் நேரத்துக்கு மாஸ்டர் வீட்டு ஃபோன் அடிக்கும்.

"மாஸ்டர், மூச்சை இழுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். ம்ஹூம், பத்தாது. மறுபடி."

"ஏம்மா, நீ என்ன டாக்டரா?"

"நீங்க எத்தனை தடவை என்னை ரிவர்ஸ் எடுக்க வெச்சீங்க? பேசாம இழுங்க."

மூச்சுப் பரிசோதனை முடிந்தாலும் அவள் வைக்க மாட்டாள். தெருவில் யார் வீட்டுப் பூனை குட்டி போட்டது, யார் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு எலி கடித்த மாதிரி நிற்கிறார்கள் எல்லாம் வரும். மாஸ்டர் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் மத்தியானச் சமையலை முடித்துவிட்டு வந்தாலும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். முதலில் தலைவிதியே என்று கேட்டவர், போகப்போக அந்த நேரத்துக்குச் சரியாக நாற்காலியை ஃபோன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அவள் சிஸ்டரைக் கூப்பிடுவாள். "அக்கா, இன்னிக்கு மாஸ்டர் மூச்சு சுமார். குரல்ல கொஞ்சம் பிசிறு. ஆனா கோபம் நல்லா வருது, அதனால பயமில்லை. சமைக்கிறப்ப பாடினார்."

"பாடினாரா?"

"தினமும் பாடுவாரே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவர் சமைக்கிற நேரத்தில் சிஸ்டர் வீட்டில் இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இவ்வளவு வருடம் குடும்பம் நடத்தியும் கேட்காத பாட்டை இன்னொருத்தி ஃபோனில் கேட்டிருக்கிறாள். சிஸ்டருக்குச் சுருக்கென்றது. பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், களைப்பு என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

பிறகு குளிர் இறங்கியது. சொல்லிக்கொள்ளாமல் வந்த விருந்தாளி மாதிரி, எல்லோரும் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டது. சாலையெல்லாம் வழுக்கியது. பள்ளிக்கூட ஹாலில் கட்டில்கள் நிறைந்தன. சிஸ்டர் சாப்பிட்டோமா என்பதையே பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்தாள்.

அப்படி ஒரு காலையில் மாஸ்டர் வீட்டு ஃபோன் அடிக்கவில்லை.

அப்பாடா, இன்றைக்கு நிம்மதி என்றுதான் மாஸ்டர் முதலில் நினைத்தார். பாத்திரம் கழுவினார். நாற்காலியைத் தள்ளிப் போட்டார். பிறகு பழையபடி இழுத்துப் போட்டார். வீட்டில் கடிகாரச் சத்தம் இவ்வளவு பெரிதாக இருந்ததா என்று தோன்றியது. கடைசியில் அவரே அவளைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார். யாரோ எடுத்தார்கள்; பேச்சில்லை. உடைந்த துருத்தி மாதிரி மூச்சு மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, "மாஸ்டர்," என்ற ஒரு சொல்.

வாய் மூடாதவள் ஒரே சொல்லோடு நிறுத்தியதும் அவர் உடனே சுகாதார நிலையத்துக்கு ஃபோன் போட்டார். எடுத்தவள் சிஸ்டர்.

"சுகாதார நிலையம், சொல்லுங்க."

"நான்தான். பார்லர்காரம்மாவுக்கு முடியலை. பேச்சு வரலை, இளைக்கிறா."

சிஸ்டரின் குரல் மாறவில்லை. "ஆம்புலன்ஸ் ஊர்க்கோடிக்குப் போயிருக்கு. ரோடு வழுக்குது. திருப்பி அனுப்பச் சொல்றேன், ஆனா நேரமாகும்."

"அப்ப நான் போறேன்."

"கூடாது."

"சிஸ்டரா சொல்றியா, பொண்டாட்டியா சொல்றியா?"

"ரெண்டு பேரும்தான் சொல்றோம்."

மாஸ்டர் சொன்னார்: "உள்ள போகலைம்மா. அவ கட்டில் நம்ம கொல்லைப் பக்கத்து ஜன்னலை ஒட்டித்தான் கிடக்கு. வெளிய நின்னு பேசறேன். தனியா இருக்கோம்னு அவ நினைக்கக் கூடாது."

குளிர்காற்று அவர் நெஞ்சுக்குள் கத்தி மாதிரி இறங்கும் என்பது சிஸ்டருக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேறு ஆளில்லை என்பதும் தெரியும். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"முதல்ல இன்ஹேலர் போடுங்க. போட்டுட்டு பாக்கெட்டுல வெச்சுக்கங்க. மாஸ்க் மேல மஃப்ளரைச் சுத்துங்க. ஜன்னலை ஒட்டி நிக்காதீங்க. செல்ஃபோன்ல கூப்பிடுங்க, கட் பண்ணாதீங்க."

அப்புறம் நடந்ததெல்லாம் சிஸ்டர் காதால் கேட்டதுதான். ஒரு காதில் ஆம்புலன்ஸ் டிரைவர், மறு காதில் மாஸ்டர். கொல்லைக் கதவின் கிறீச். கண்ணாடியில் தட்டும் சத்தம்.

"மல்லாந்து கிடக்கா," என்றார்.

"குப்புறப் படுக்க வைக்கணும். நெஞ்சுக்கு அடியில தலையணை. நீங்க தொட முடியாது, சொல்லித்தான் செய்ய வைக்கணும்."

ஜன்னலைத் தள்ளித் திறக்கும் ஓசை. பிறகு மாஸ்டர் பேசினார். அது சிஸ்டர் இதுவரை கேட்டிராத குரல். டப்பா மூடி திறக்கவில்லை என்றால் வீட்டையே இரண்டாக்குகிற மனிதரா இது என்று இருந்தது.

"ஏம்மா, நான் வந்துட்டேன். நீ பேச வேணாம், நான் சொல்றதை மட்டும் செய். ரோடு காலியா இருக்கு, நமக்கு ஒரு அவசரமும் இல்லை. இப்ப இடது பக்கம் திரும்பப் போறோம். வலது கையை எடுத்து முன்னாடி வை. மெதுவா. ஆங், அதான். ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கற மாதிரி கட்டில் ஓரத்தைப் பிடி. இன்னும் கொஞ்சம் திரும்பு. நின்னுக்கோ. ஒண்ணும் தப்பில்லை, ஆஃப் ஆனா மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்கலாம். இப்ப திரும்பு. தலையணையை இழுத்து அடியில விடு. முகம் என் பக்கம். பார்த்தியா, வந்துட்டோம்."

துருத்திச் சத்தம் ஃபோனில் தூரத்தில் கேட்டது.

"இப்ப மூக்கால இழு. போதும். வாயால விடு. கிளட்ச் மாதிரி விடணும், படக்குன்னு விட்டா வண்டி குதிக்கும். மெதுவா. இன்னொரு தடவை."

கொஞ்ச நேரத்தில் அவர் வார்த்தைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய விசில் கலந்ததைச் சிஸ்டர் கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு இளைக்குது. இன்ஹேலரை எடுங்க."

"பாடம் நடக்குது, இரு."

"எடுங்கன்னு சொல்றேன்."

உஸ்ஸென்ற சத்தம் வந்த பிறகுதான் அவளும் மூச்சு விட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கோடு தூக்கிப் போகையில் பார்லர்காரம்மா கண்ணைத் திறந்து மாஸ்டரைப் பார்த்தாள். அவர் தூர நின்றபடி, "இன்னிக்கு எதுலயும் இடிக்கலைம்மா," என்றார். மாஸ்க்குக்குள் அவள் சிரிக்கப் பார்த்து இருமினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்துக்கொண்டாள். மாஸ்டரை டாக்டரே வாசலில் நின்று பார்த்துவிட்டு, வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டு வந்தார். நல்லவேளை, மாஸ்டருக்குத் தொற்று ஒட்டவில்லை. இரண்டு நாள் இளைப்போடு போயிற்று.

அடுத்த கூட்டத்தில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "திட்டத்துல ஓட்டை இருந்திருக்கு. துணையாளர்களையும் யாராவது பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. தப்பு என்னோடது." அன்றிலிருந்து இரண்டு பக்கமும் ஃபோன் என்று ஆயிற்று, காலையில் இவர் அவரைக் கூப்பிட்டால் சாயங்காலம் அவர் இவரை. மாஸ்டருக்கும் நாலைந்து வீடு கொடுத்தார்கள். பயந்து படபடத்தவர்களுக்கெல்லாம் ஃபோனிலேயே மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தார்.

கூட்டம் கலையும்போது டாக்டர் சிஸ்டரை நிறுத்தினார். "மாடியில ஒத்தையாத்தானே இருக்கீங்க? உங்களுக்கு யாரு ஃபோன் பண்றாங்க?"

"சாயங்காலம் பார்லர்காரம்மா பண்ணுவாங்க," என்றாள். சொன்ன பிறகுதான், அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் கிடப்பது நினைவு வந்தது.

டாக்டர் ஊழியர்களை இரண்டு அணியாகப் பிரித்தார். ஒரு அணி வேலை செய்யும்போது மற்றது ஓய்வு. பரிசோதனையில் தொற்றில்லை என்று வந்தால் வீட்டுக்குப் போகலாம். முதலில் அனுப்பப்பட்டது சிஸ்டர்தான். அவள் மறுத்துப் பார்த்தாள். எடுபடவில்லை.

அதே பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோது மாஸ்டர் கதவை விரியத் திறந்துவிட்டு முன்னறையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றார். ஜன்னல்கள் திறந்திருந்தன. முடிவு நல்லதாக வந்திருந்தாலும், முதல் சில நாள் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று அவளே சட்டம் போட்டிருந்தாள். இந்தக் கோடியில் ஒரு நாற்காலி, அந்தக் கோடியில் ஒன்று. இருவரும் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இளைச்சுட்டே," என்றார்.

"நீங்க குண்டாயிட்டீங்க."

"ஹால்ல நிறைய பேர் போயிட்டாங்களாமே?"

இல்லைங்க, பரவாயில்லைங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்ததோ வேறு. போனவர்களை ஒவ்வொருவராகச் சொன்னாள். தபால்காரரின் அப்பா. மருந்துக்கடை அம்மாள். இவளுடைய பிரசவ வார்டில் பிறந்து, இவள் கையைப் பிடித்துக்கொண்டே போன ஒரு பையன். அங்கே அழ நேரமில்லை, இடமுமில்லை. இங்கே ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

மாஸ்டர் பாதி எழுந்தார். "நான் அங்க வரட்டுமா?"

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"சரி. நான் இங்கதான் இருக்கேன். நீ அழு."

அவர் உட்கார்ந்துகொண்டார். அவளிடமிருந்து பார்வையை எடுக்கவில்லை. அவள் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை அப்படியே இருந்தார். பிறகு, "சாப்பாடு ஆறியிருக்கும், சூடு பண்ணிட்டு வரேன்," என்று எழுந்து போனார்.