புளி போட்டுத் துலக்கிய காசுகள்

செத்தவருக்கு வெள்ளைச் சட்டை மாட்டுவதற்காகப் பழைய சட்டையைக் கழற்றியபோது, பையிலிருந்து ஒரு கறுத்த காசு தரையில் விழுந்து உருண்டது. லூர்துமேரி அத்தை அதை எடுத்துக் கேத்தரினிடம் நீட்டினாள்.

"இந்தா கேத்து, உங்கப்பன் சொத்து."

துக்கத்துக்கு வந்திருந்த இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். செத்துக்கிடந்த லியோனைப் பொம்மிடியில் பாதிப் பேர் செல்லாக்காசு என்றுதான் சொல்வார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த மனுசன், காரிமங்கலம் சந்தையில் ஊரே தக்காளி பொறுக்கும்போது பழைய இரும்புக்காரனிடம் குந்திக் காசு பொறுக்கினால் வேறென்ன சொல்வார்கள்?

கேத்தரின் காசைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஓட்டை போட்ட காலணா. அப்பா சேர்த்ததில் இது ஒன்றுதான் தப்பித்திருந்தது.

மற்றதெல்லாம் போன சனிக்கிழமை தொலைந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். சாகப்போகிறவருக்குக் கொடுக்கும் கடைசி நன்மையோடு சர்ச் சாமியார் வீட்டுக்கு வருகிறார் என்று அம்மா மிக்கேலம்மாள் வீட்டையே கழுவினாள். மெழுகுவத்தி ஸ்டாண்டைத் துலக்கிய கையோடு, முப்பத்திரண்டு வருசம் திட்டித் தீர்த்த அந்தக் காசுகளையும் புளியில் அள்ளிப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். காசுகளைப் போட்டு வைத்திருந்த, நம்பர் எழுதிய காகித உறைகள் அடுப்புக்குப் போயின. புருசனைச் சந்தோசப்படுத்த அவளாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

பழைய காசைத் தேய்த்தால் அது செத்த காசு. சேகரிக்கிறவன் எவனும் தொடமாட்டான். கேத்தரினுக்கு ஏழு வயதிலேயே லியோன் காதைத் திருகி அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். பெண்டாட்டியிடம் சொன்னதே இல்லை. சொன்னால் மட்டும் கேட்கவா போகிறாள் என்று விட்டுவிட்டார்.

தாம்பாளம் நிறையப் பளபளத்த காசுகளைப் பார்த்து அவர் அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து மிக்கேலம்மாளும் அழுதாள்.

"பாத்ததும் அழுதுட்டாருங்க," என்று இப்போதும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "என்னால ஒரு நாளாச்சும் சந்தோசப்பட்டுப் போனாருங்க. அது போதுங்க எனக்கு." பிறகு மகளைக் கூப்பிட்டாள். "நேத்து சாயங்காலம் அந்த லேப்டாப்புல என்னமோ அடிச்சுக்கிட்டு இருந்தாரு. என்னப் பத்தித்தான் இருக்கும். பாத்துச் சொல்லு கண்ணு."

லேப்டாப்பில் இருந்தது, ரிட்டயரான பிறகு போனில் வீடியோ பார்த்து லியோனே எழுதிய புரோகிராம். காசின் நம்பரை அடித்தால் எந்த ஊரில், யாரிடம் கிடைத்தது, என்ன எடை என்று சொல்லும். கேத்தரின் நாற்பது என்று அடித்தாள்.

"இந்தக் காசு இப்போது இல்லை" என்று திரையில் வந்தது.

நூற்றுப்பத்து அடித்தாள். அதே பதில். எதை அடித்தாலும் அதையே சொல்லும்படி நேற்று மாற்றிவைத்திருந்தார் போல. கடைசியாக முதல் காசின் நம்பரான ஒன்றை அடித்தாள்.

ஓட்டைக் காலணா. கல்யாணமான வாரம் மிக்கேலம்மாள் கொடுத்தது.

"நீ குடுத்த ஓட்டைக் காலணாவப் பத்தி எழுதியிருக்காரும்மா."

"எங்க வூட்டு அரிசிப் பானையில கெடந்தது!" மிக்கேலம்மாளின் முகம் மலர்ந்தது. அப்போதுதான் மகளின் கையைப் பார்த்தாள். "அய்யோ, இது ஒண்ணு விட்டுப்போச்சே. குடு, பொட்டியில அவரு கையில வெக்கணும். இப்படிக் கருப்பாவா அனுப்பறது?"

"வேணாம்மா."

"ஏன்?"

வீட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லிவிட ஒரு நிமிடம் போதும். அப்பாவுக்காக அதைச் சொல்லவேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்தது. அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கேத்தரின் காசைக் கொடுத்தாள்.

பின்பக்கம் கல்லில் குந்தி மிக்கேலம்மாள் தேய்த்தாள். கேத்தரின் சொம்பில் புளியைக் கரைத்து ஊற்றினாள். கறுத்த தண்ணீர் வாழையடிக்கு ஓடியது.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள் மிக்கேலம்மாள்.