முகட்டைத் திறக்கும்வரை

கிழக்கு வெளுக்கும் முன்பே பஞ்சக்கா ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள பரணுக்குள் ஏறிவிட்டாள். வீட்டுக்குள் சூடு இறங்காமலிருக்கக் கூரைக்கடியில் கண்ணாடிப் பஞ்சு விரிப்பவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். சுருட்டிக் கட்டிய பஞ்சுப் பொதிகளைக் கீழிருந்து கொழுந்தன் தள்ளிவிட, அவள் சட்டத்துக்குச் சட்டம் முட்டிபோட்டுத் தவழ்ந்து விரித்துக்கொண்டே போனாள். நிமிர்ந்தால் ஓட்டுச் சட்டத்து ஆணி தலையில் குத்தும். சட்டத்தை விட்டுக் கால் நழுவினால் கீழே வெறும் அட்டைச் சீலிங். முகத்தில் துணி கட்டியிருந்தும் தூசி கழுத்து மடிப்பில் புகுந்து ஊசி ஊசியாய்க் குத்தியது.

வெயில் ஏறினால் இன்னொரு பாடு. ஓடு காயும், சூடு உள்ளே இறங்கும், வெளியேற வழியில்லாமல் பரணுக்குள்ளேயே கிடந்து கொதிக்கும். முகட்டில் நெடுக இடைவெளி விட்டு, கீழ் ஓரத்து இறவாரத்தில் துளை போட்டுவிட்டால் போதும். கீழிருந்து ஏறும் காற்று சூட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும். வீடு கட்டித் தரும் முதலாளிக்கும் இது தெரியும். ஆனால் முகட்டைத் திறக்க வேண்டிய ஓட்டுக்காரர்கள் அடுத்த தெருவில் அவருடைய இன்னொரு வீட்டுக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வேலை நிற்கக் கூடாது அவருக்கு.

“முதல்ல பஞ்சை விரிங்க. முகட்டைக் கடைசியில பாத்துக்கலாம்” என்று சொல்லி, அவள் கேட்கும்போதெல்லாம் தட்டிக் கழித்தார்.

அன்று வெயில் சுள்ளென்று ஏறியதும் கொழுந்தன் மேலே வந்தான்.

“அண்ணி, நீங்க இறங்குங்க. மிச்சத்த நான் பாக்கறேன்.”

“ஒன் உடம்பு மட்டும் இரும்பா?”

“இரும்பா இருந்தா இந்நேரம் உருகியிருக்குமே” என்று சிரித்தான்.

அவள் இறங்கி, கழுத்தைக் கழுவி, ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பாள். மடாரென்று சத்தம். முன்னறைச் சீலிங்கைப் பிய்த்துக்கொண்டு ஒரு கால் தொடைவரை தொங்கியது. அது அசையவில்லை.

கீழே சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர்களோடு சேர்ந்து அவனைக் கீழே இறக்கினாள். உடம்பு தணலாய்ச் சுட்டது. பொட்டு வியர்வை இல்லை. கண் செருகி, ஏதேதோ பிதற்றினான். ஈரத்துணியால் அவனைப் போர்த்திக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்தார். அவர் பார்வை முதலில் மேலேதான் போனது.

“பூசி முடிச்ச சீலிங்! இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்களே?”

“கீழ பாருங்க முதலாளி. மனுஷன் கிடக்கறான்.”

“காலையில சாப்பிடாம வந்திருப்பான். கொஞ்சம் படுத்தா சரியாயிடும்.”

“ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்க கார எடுங்க.”

“உடம்பெல்லாம் பஞ்சு. சீட்டு என்னத்துக்கு ஆகும்?”

பெரிய பெயிண்டர் வண்ணம் அப்பிய கையை நீட்டினார். “சாவியக் குடுங்க.” குரல் உயரவில்லை. முதலாளி கொடுத்துவிட்டார்.

உயிர் பிழைத்தான். நினைவுதான் முழுசாய்த் திரும்பவில்லை. சிறுநீரகமும் அடிபட்டிருக்கிறது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இரவெல்லாம் கொழுந்தன் பெண்டாட்டியான ஓர்ப்படியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பஞ்சக்கா, விடிந்ததும் நேராக வேலையிடத்துக்குத்தான் போனாள்.

அங்கே ஓட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். பஞ்சு விரிக்கிறவர்களை ‘பரண் எலி’ என்று கேலி பேசுகிற கூட்டம். நம் பிழைப்பில் மண் போட வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

“விரிக்கறதுக்கு என்ன பெரிய வித்தையா வேணும்? உங்க ஆளுங்களே ஏறி முடிங்க” என்று அவர்களிடம் சொன்னார் முதலாளி.

ஓட்டுக்காரர்களுக்குத் தலைவன் மொட்டை என்கிறவன். அவன் சீலிங்கில் இருந்த ஓட்டையை வெகுநேரம் பார்த்தான். பிறகு பஞ்சக்காவைப் பார்த்தான்.

“மேல நிக்கற எங்களுக்குக் காத்தாவது வீசும். உள்ள இவ்வளவு மோசம்னு தெரியாம போச்சுக்கா.” முதலாளியிடம் திரும்பினான். “முகட்டைத் திறக்கறோம். அப்புறந்தான் யாரும் உள்ள போவாங்க. எல்லா வீட்லயும் அப்படித்தான். அந்தத் தம்பி எழுந்து நடக்கறவரைக்கும் வைத்தியம் உங்க பொறுப்பு.”

“ஓட்டுக்காரனுக்கும் பஞ்சுக்காரனுக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“கூரை ஒண்ணுதானே முதலாளி.”

பஞ்சக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் நின்றாள். பெயிண்டர்களும் தூரிகைகளைத் தண்ணீரில் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

“ஆளுக்கா பஞ்சம்? ஒரு போன் போட்டா வண்டி நெறைய வந்து இறங்குவாங்க!” என்று கத்திவிட்டு முதலாளி காரில் ஏறிப் போனார்.

எல்லோரும் வாசலில் உட்கார்ந்தார்கள். அடுப்பு எரிவது எப்படி என்ற கவலை ஒவ்வொரு முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

சொன்னபடியே வேன் வந்தது. உள்ளே அடைத்துக்கொண்டு ஆணும் பெண்ணுமாய்ப் புது ஆட்கள். மொட்டை எழப் போனான். பஞ்சக்கா அவன் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டுத் தானே போனாள்.

“இறங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. எங்க கொழுந்தன் இதே பரண்லதான் விழுந்தான்…”

இருந்ததை இருந்தபடி சொன்னாள். கடைசியில் குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பிறகு ஒருத்தி கீழே குதித்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். நடந்துவந்து, பெரிய பெயிண்டருக்கும் மொட்டைக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

வேனில் இருந்த மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நகர்ந்து உக்காருங்கப்பா” என்றாள் பஞ்சக்கா. “இன்னும் ஆள் வருது.”