சல்லடையில் விழுந்த வரைபடம்

நாற்பத்தொரு வருடம் ஏலக்காய் பிரித்தவன் நான். போடியிலிருந்து வெளியூர் போன காயில் பாதி என் விரல் இடுக்கில் புகுந்துதான் போனது. மீதிப் பாதி என்னைக் கேட்டுவிட்டுப் போனது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பிடி காயைக் கையில் கொடுங்கள். எட்டு எம்.எம். பருமன் எத்தனை, ஏழு எத்தனை, பிளந்தது எத்தனை, பறித்தவள் இடதுகைக்காரியா என்பதுவரை சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரி செல்லத்தாய் பக்கத்தில் இருந்தால் இதில் முக்கால்வாசியைக் கழித்துவிடுவாள். அதனால் அவள் இல்லாதபோதுதான் நான் பேசுவது.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்களே தவிர, கைக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. வெங்காயம் வந்தால் பெரிது சிறிதாகப் பிரிப்பேன். புளி வந்தால் நிறவாரியாக. ஒருநாள் செல்லத்தாயின் மாத்திரைகளைப் பருமன்படி பிரித்து வைத்து, பெரிய டாக்டரே பயந்துபோகும் அளவுக்கு வசவு வாங்கினேன்.

என் மகன் ஈஸ்வரன் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறான். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போவான். அவன் கட்டிக்கொண்டு வந்தவள் பவித்ரா. கோயம்புத்தூரில் ஒரு கட்டட வரைபட ஆபீசில் மூன்று வருடம் இருந்தவள். கம்ப்யூட்டரில் அவள் கோடு போடுவதைப் பார்க்க வேண்டும். சிலந்தி வந்து பார்த்தால் வெட்கப்பட்டு வேறு தொழிலுக்குப் போய்விடும். ஏழு மாதமாக எங்கள் வீட்டு முன்னறையில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறாள். சின்னச் சின்ன வேலைகளுக்குப் பிறகு முதல் பெரிய வேலை இந்தச் சித்திரையில் வந்தது. மெட்டுக்கு மேலே ஜெபகுமார் தோட்டத்தில் பச்சைக்காய் உலர்த்த ஒரு ஸ்டோர். நாற்பதடிக்கு இருபதடி.

ஒரு மாதம் வரைந்தாள். திங்கட்கிழமை முடித்துவிட்டு, எல்லாவற்றையும் பேக் பண்ண வேண்டும் என்றாள். அட்டைப்பெட்டி தேடப் போனேன். சிரித்துக்கொண்டே உட்காரவைத்துச் சொன்னாள். வரைபடம் என்பது ஒற்றை ஃபைல் இல்லையாம். மலைச்சரிவை அளந்த படம் தனி ஃபைல், மதுரை இன்ஜினியர் கொடுத்த தூண் கணக்கு தனி, தோட்டத்து முத்திரை தனி, கொத்தனார் படிக்கத் தமிழில் எழுதியிருப்பதால் அந்த எழுத்துக்கான ஃபைல்கூடத் தனி. அத்தனையையும் திரட்டி ஒரே பொதியாக அனுப்பினால்தான் அங்கே படம் முழுசாகத் திறக்கும். ஒன்று விட்டுப்போனாலும் குறைதான். கலியாணப் பெண்ணை அனுப்புவதுபோல என்று நினைத்துக்கொண்டேன். குத்துவிளக்கு போய்ச் சேர்ந்து திரி வீட்டிலேயே கிடந்தால் யார் பேச்சு வாங்குவது?

தோட்டத்தில் மஞ்சு இறங்கி மூடுபனி கட்டினால் நெட் செத்துவிடும். ஆகவே பென் டிரைவில் போட்டு ஈஸ்வரனின் காலை ஜீப்பில் அனுப்புவதாக ஏற்பாடு. செவ்வாய் விடியற்காலையில் பவித்ராவுக்குத் தலைவலி. எழுந்திருக்க முடியவில்லை. அந்தப் பொதியை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிடும்படி என்னிடம் சொன்னாள். காப்பி பண்ணுவது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஏற்றினேன். நல்லபடியாக ஏறிவிட்டதா என்று திறந்தும் பார்த்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

அறுபத்து மூன்று ஃபைல். ஒன்றோடொன்று கலந்து, ஒன்றுக்குள் ஒன்றாகப் புகுந்து, அறைக்குள் அறையாக. பக்கத்திலேயே அளவு வேறு போட்டிருந்தது: இது பெரிது, இது நடுத்தரம், இது ஒன்றுமேயில்லை என்று. கை சும்மா இருக்குமா? என் மருமகளின் சரக்கு இப்படிக் கலந்துகட்டியாகவா படியேறிப் போவது? பென் டிரைவிலேயே முக்கால் மணி நேரத்தில் பிரித்து முடித்தேன். எட்டு எம்.எம்., ஏழு எம்.எம்., ஆறு எம்.எம்., பிளந்தது என்று நான்கு அறை உண்டாக்கி, தட்டித் தடவிப் பெயரும் அடித்தேன். பொடிப்பொடியாகப் பதினொன்று மிஞ்சியது. தூசு. ஊதி எறிந்துவிட்டேன்.

பென் டிரைவ் மேலே போய்ச் சேர்ந்து, மத்தியானம் ஜெபகுமார் போனில் கூப்பிட்டார். தன்மையான மனிதர், கோபத்தைக்கூடத் தட்டில் வைத்துத்தான் நீட்டுவார். வெறும் ஓரச் சட்டம் மட்டும் தெரிகிறது, உள்ளே கட்டடத்தைக் காணோம், எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியாக நிற்கிறது என்றார். நாளைக் காலை கொத்தனார் சின்னத்துரை அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிக்க வருகிறார். அதற்குள் சரியான படம் வராவிட்டால், தேனியில் யாரோ முன்பு போட்டுக் கொடுத்த பழைய பிளானை வைத்தே தொடங்கிவிடுவதாகச் சொல்லி, வருத்தமும் தெரிவித்து வைத்தார்.

பவித்ரா தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. வேறோர் இடத்துக்கு மாற்றித் திறந்தாள். அப்போதும் சரியாகவே இருந்தது. என்னிடம், கொடுத்ததை ஒழுங்காக ஏற்றினேனா என்று கேட்டாள். ஒழுங்கோ ஒழுங்கு என்று மார்தட்டினேன். சத்தியமாக அப்போது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வரை தேடினாள். காபி ஆறிப்போய் ஆடை கட்டியது. புதிதாக இன்னொரு பொதி கட்டி அனுப்பலாம்தான். ஆனால் எது தப்பென்றே தெரியாமல் அனுப்பினால் அதுவும் அங்கே போய்ச் செத்துத்தானே கிடக்கும்? செல்லத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு இதெல்லாம் கைவந்த கலைதானே, எங்கேயோ சின்னத் தப்பாக இருக்கும் என்று தேற்றினாள்.

"இல்ல அத்தே. அந்தந்த ஃபைலு எந்த எடத்துல இருக்கோ, படம் அங்க போயித்தான் எடுத்துக்கிரும். எடம் மாறுனா அதுக்குக் கெடைக்காது. எடமெல்லாம் சரியாத்தான் வச்சேன். எனக்குத்தான் தனியாச் செய்யத் தெறமை பத்தல போல. திங்கக்கெழமை கோயமுத்தூரு பழைய ஆபீசுக்கே வரவான்னு கேட்டுப் போன்ல அடிச்சு வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல. வாரத்துல அஞ்சு நாளு ஆஸ்டல்ல இருந்துக்கிறேன்."

எடம் மாறுனா.

கொல்லைக்குப் போனேன். திறந்திருந்த குழாயை மூடினேன், மூடியிருந்த குழாயைத் திறந்தேன். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு புத்தி சொன்னது. காலையில் மகன் கையில் நல்ல பொதியைக் கொடுத்தனுப்பினால் தானாகத் திறந்துகொள்ளும், யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்தத் தடவை திறந்தாலும் அடுத்த வேலையை ஒப்புக்கொள்ளவே யோசிப்பாள். உள்ளே வந்தேன்.

"ஆத்தா, உன் தப்பு ஒண்ணும் இல்ல. நான் பிரிச்சுட்டேன்."

புரியாமல் பார்த்தாள். சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. செல்லத்தாய் தலையில் கைவைத்துக்கொண்டாள். பவித்ரா மெதுவாக, "எத்தன தரமாப் பிரிச்சீக?" என்றாள்.

"நாலு. தூசு தனி."

"தூச என்ன செஞ்சீக மாமா?"

"எறிஞ்சுட்டேன்."

"அந்தத் தூசுலதான் எழுத்தெல்லாம் இருந்துச்சு."

சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு முற்றி அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள். அவ்வளவுதான் வசவு. அதற்குப் பத்து செல்லத்தாய் சேர்ந்து திட்டியிருக்கலாம். போனை எடுத்து, கோயம்புத்தூருக்கு அடித்து வைத்திருந்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். நான் பக்கத்தில் நின்று எழுத்தை எண்ணினேன்.

புதன்கிழமை காலை ஜீப்பில் பவித்ராவும் நானும் ஏறினோம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. எனக்கு அன்று நூற்றெழுபது. புதிய பென் டிரைவ் அவள் மடியில் இருந்த பைக்குள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கயிறும் முளைக்குச்சியுமாகச் சின்னத்துரை வந்து காத்திருந்தார். பழைய பிளான் மேசைமேல் விரித்துக் கிடந்தது. என்ன கோளாறு என்று ஜெபகுமார் கேட்டார். பேக் பண்ணியதில் தன்னுடைய கவனக்குறைவு என்று பவித்ரா சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு, ஏலக்காய் பிரிக்கிற மாதிரி ஃபைலைப் பிரித்ததையும் தூசை எறிந்ததையும் சொன்னேன். ஆயுளில் வெளியாரிடம் நான் சொன்ன ஒரே முழு உண்மை.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சோலைமலையண்ணே, மருமகளக் காப்பாத்தணும்தான். அதுக்காக நம்புற மாதிரி ஒரு பொய்யாச் சொல்லக் கூடாதா?"

இருபது வருடமாக என்னைத் தெரிந்தவர். அவர்மேல் என்ன குற்றம்? நேற்று வந்த பென் டிரைவை அவரே செருகிப் பார்க்கச் சொன்னேன். செருகினார். நான்கு அறையின் பெயரையும் வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொன்றாகத் திறந்து அளவுகளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போனார். சிரிப்பு நின்றுவிட்டது. அவரும் காய்க்காரர்தானே.

"ஏழும் எட்டும் கலக்கவே இல்லியேண்ணே," என்றார் கடைசியில்.

பவித்ரா புதிய பொதியைத் திறந்தாள். முதலில் மலைச்சரிவு வந்தது. அதன்மேல் சுவர், சுவருக்குள் தூண், உலர்த்தும் தட்டுகள், புகைபோக்கி. கடைசியாகத் தமிழ் எழுத்து, ஒரு கேள்விக்குறிகூட இல்லாமல். ஜெபகுமார் பழைய பிளானைச் சுருட்டி மேசைக்கடியில் போட்டார்.

தாளில் அச்செடுத்து வெளியே வந்தோம். மஞ்சு இறங்கிவிட்டது, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. சின்னத்துரை தாளை விரித்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, வாசல் எந்தப் பக்கம் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆம்பளையைக் கேட்டுத்தான் பழக்கம். நான் பவித்ராவைக் காட்டினேன்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நடந்துபோய், மஞ்சுக்குள் ஓரிடத்தில் நின்று, கயிற்றைக் கொண்டாரச் சொன்னாள். அவர் போனார். முதல் முளைக்குச்சியை அடிக்கிற சத்தம் கேட்டது.